வெட்டு வாங்கியவனையே பொலிஸ் கூட்டிப்போன காலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. முதல்நாள் இரவுதான் தம்பியின் இடது கைக்கு 11 தையல் போட்டுக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தோம். வெட்டியவனைப் பிடிக்கப் போகும் வழியில் எங்களிடம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். வந்த சார்ஜன் தம்பியின் பெயரைக் கேட்டார். அவன்தான் என்று தெரிந்ததும், "மண்வெட்டியால அடிச்சதா உங்களுக்கு எதிரா முறைப்பாடு இரிக்கு, வெளிக்கிடுங்க" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. கட்டுப்போட்ட கையோடு கிடப்பவனைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள்!

நடந்தது தண்ணீர்ச் சண்டை. எங்கள் வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிடக்கும் வட்டையில், அதாவது வயல்வெளியில், இருக்கிறது. அதுவும் வாய்க்காலின் கடைசிப் பக்கம். பெரும்போகத்தில் மழை கைகொடுக்கும், யாருக்கும் யாரோடும் பகை வராது. சிறுபோகத்தில்தான் ஆளுக்கு ஆள் முகம் மாறும். வட்டவிதானை முறை வைத்துத் தண்ணீர் விடுவார். அந்தச் சனிக்கிழமை இரவு எங்கள் முறை. தம்பி மண்வெட்டியோடு போனபோது மேல்வயல்காரர் மடையைக் கட்டி வைத்திருந்தார். அவர் எங்களுக்குத் தூரத்து உறவு, தம்பிக்கு மச்சான் முறை. இங்கேயும் மச்சான் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தம்பி மடையை வெட்டிவிட்டான், வாய்த்தர்க்கம் முற்றியது, மச்சான் கத்தியை வீசினார். தம்பி கையை உயர்த்தித் தடுத்தான், மறுகையால் மண்வெட்டிப் பிடியைச் சுழற்றி அவர் தோளில் ஒன்று போட்டான். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாலு மணித்தியாலத்தில் நாங்கள் செய்த பிழைகளைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். அன்று இரவு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இதெல்லாம் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், எனக்கும் தெரியாது.

தம்பி சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அம்மா காயத்தைக் கழுவிக் கோப்பித்தூள் அப்பினார். இரத்தம் தோய்ந்த சேட்டை அந்த இரவிலேயே கிணற்றடியில் அலசிக் கொடியில் போட்டுவிட்டார். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்திருந்தால் அம்புலன்ஸ் இலவசமாக வந்திருக்கும். பொலிசின் அவசர இலக்கம் 119க்கு ஒரு கோல் எடுத்திருந்தால் முதலில் சொன்னது நாங்கள் என்றாகியிருக்கும். இரண்டும் செய்யவில்லை. பக்கத்துவீட்டு ஓட்டோவில் கிட்ட இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும் வழியெல்லாம் அம்மா சொன்னது ஒன்றுதான்: "பொலிசுக்குப் போகாத மனே. சொந்தக்காரன். விடிஞ்சா பெரியாக்களை வச்சுப் பேசுவம்."

ஆஸ்பத்திரியில் எப்படிக் காயம் வந்தது என்று கேட்டார்கள். "வரம்புல வழுக்கி விழுந்தன், கையில இருந்த கத்தி பட்டுட்டு" என்றான் தம்பி. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதை அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். உறவைக் காப்பாற்றச் சொன்ன அந்த ஒரு பொய், வழக்கு ஓடும் காலமெல்லாம் எங்கள் கழுத்தில் தொங்கப்போகிறது என்று அப்போது யார் கண்டது.

அதே நேரம் மச்சான் என்ன செய்தார்? தோளைப் பிடித்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டில் படுத்துவிட்டார். ஊர்ச் சண்டைகளில் இது பழைய வித்தைதான். வார்டில் படுத்தவுடன் ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில் இருந்து ஆள் வந்து வாக்குமூலம் எடுக்கும். முறைப்பாடு தானாகவே பதிவாகிவிடும். இரவு பதினொரு மணிக்கே அவருடைய கதை பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. எங்களுடைய கதை எங்கேயும் இல்லை. இருந்தது ஒரு பொய் மட்டும், அதுவும் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டில்.

சரி, வாசலுக்கு வருவோம். படத்தில் பார்த்த ஞாபகத்தில் நான் சார்ஜனிடம், "பிடியாணை எங்க? காட்டுங்க பாப்பம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "மாஸ்டர், ஆயுதத்தால காயம். இதுக்குப் பிடியாணை தேவையில்ல" என்றார். பிறகு எங்கள் சட்டத்தரணியிடம் கேட்டபோது அவர் சொன்னதும் அதுவேதான்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்கு முதலாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் நேரே, பொலிசார் பிடியாணை இன்றிக் கைது செய்யலாமா கூடாதா என்று அதில் போட்டிருக்கிறது. செய்யலாம் என்று இருந்தால் 32ஆம் பிரிவின்படி நியாயமான ஒரு முறைப்பாடு, நம்பத்தக்க தகவல், அல்லது நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும். ஆள் குற்றவாளி என்று நிரூபணமாகி இருக்கத் தேவையில்லை. கோபத்தில் ஒரு தள்ளு, ஒரு அறை என்றால் கதை வேறு. கத்தி, கோடரி, மண்வெட்டி என்று வந்தவுடன் விஷயம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மண்வெட்டி ஆயுதமா என்று நானும் கேட்டேன். வயலில் அது கருவி. ஒருவனுடைய தோளில் இறங்கினால், உயிர்போகச் செய்யக்கூடிய பொருளால் தாக்கியதாகவே பார்ப்பார்கள்.

வெட்டு வாங்கியவன்தான் பாதிக்கப்பட்டவன், அவனைத் தொடமாட்டார்கள் என்ற என் நினைப்பு அந்த இடத்தில் உடைந்தது. முதலில் வந்த முறைப்பாட்டை வைத்துக்கொண்டு பொலிஸ் நடக்கிறது. தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவில் இருந்து எழுதப்பட்டிருக்கிறது, உண்மைதான். தம்பி அடித்தது தற்காப்பா இல்லையா என்பதை ஜீப்பில் வந்தவர் வாசலில் நின்று தீர்மானிக்கமாட்டார். அது நீதிமன்றத்து வேலை.

அந்தக் காலையில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் நேரம் பார்த்தது. "இது கைதா, இல்லாட்டி வாக்குமூலத்துக்கா?" என்று கேட்டேன். "கைது" என்றார். காரணத்தையும் சொன்னார். அதைச் சொல்லத்தான் வேண்டும். நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவிலும் இருக்கிறது, அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலும் இருக்கிறது. 6.20 என்று பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிடியாணை இன்றிக் கைது செய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் மட்டும் அதில் கழியும். "சும்மா ஒரு வாக்குமூலம், வந்திட்டுப் போகலாம்" என்று கூட்டிப்போய் இரவுவரை வாங்கில் இருத்தி வைத்த கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அப்படியானால் மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்கியது என்பதே பின்னால் ஒரு வாதமாகிவிடும். நேரத்தைக் குறித்துவைக்க ஒரு சதமும் செலவில்லை.

நிலையத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் முறைப்பாட்டையும் எழுதுங்கள் என்றேன். மேசையில் இருந்தவர், "உங்கட தம்பி சந்தேக நபர். சந்தேக நபருக்கு என்ன முறைப்பாடு?" என்றார். எந்த நிலையம் என்று இங்கே சொல்லப்போவதில்லை, எல்லா இடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அங்கே நின்று சத்தம்போட்டிருந்தால் நானும் உள்ளே போயிருப்பேன். வெளியே வந்து சட்டத்தரணிக்குக் கோல் எடுத்தேன். அவர் ஒரு மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார். கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கு வருவதற்கென்று 2012இல் விதிகள் வந்திருக்கின்றன, அதனால் அவரை வாசலில் மறிக்க யாரும் முயலவில்லை. அவர் நேரே நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசியிடம் போய், தம்பியின் கையைத் தூக்கிக் கட்டைக் காட்டி, "இதுவும் ஒரு குற்றம்தானே சேர், தகவலை எழுதத்தானே வேணும்" என்றார், அவ்வளவுதான். எழுதினார்கள்.

எழுதத் தொடங்கியவர் சிங்களத்தில் தொடங்கினார். தம்பிக்குச் சிங்களம் பேசக் கொஞ்சம் வரும், வாசிக்க வராது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்டோம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. வாய்மூலம் சொன்ன முறைப்பாட்டை எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டு விட்டார்கள். அவர் எழுதி வாசித்துக் காட்டியபோது, "கூரிய பொருளால் காயம் ஏற்பட்டது" என்று மட்டும் இருந்தது. யார், எதனால், எந்தக் கையால், எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்று ஒன்றும் இல்லை. திருத்தச் சொன்னோம். டோர்ச் லைட் வெளிச்சம், சுமார் ஒரு முழ நீளக் கத்தி, வலக்கையால் வீசினார் என்று சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் நாங்களாகவே அதில் சொல்லிவிட வேண்டும் என்று சட்டத்தரணி பிடிவாதமாக நின்றார். "உறவினர் என்றபடியால் பயந்து அப்படிச் சொன்னேன்" என்று தம்பி சொன்னான். அன்றைக்கே சொன்னபடியால் பிறகு அதன் கூர் கொஞ்சம் மழுங்கியது.

முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். எழுதவே மாட்டோம் என்று நின்றிருந்தால், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே போகலாம். சட்டவிரோதக் கைது என்று உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாத எல்லை இருக்கிறது. பலர் இரண்டாம் மாதம்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

இதற்கிடையில் ஊரில் வேறொரு பக்கம் சூடேறியது. எங்கள் பொடியன்கள் ஏழெட்டுப் பேர் பொல்லுகளோடு மச்சான் வீட்டுப் பக்கம் வெளிக்கிட்டார்கள். சந்தியில் வைத்து மறித்தேன். ஐந்து பேரோ அதற்கு மேலோ அப்படிச் சேர்ந்து போனாலே சட்டவிரோதக் கூட்டம். அடி விழாவிட்டாலும் எல்லாருடைய பெயரும் உள்ளே போகும். சொன்னால் கேட்கிற வயதா? "நீ வெளிநாட்டுக்குப் போக பொலிஸ் ரிப்போட் எடுக்கணும் எண்டாயே" என்று ஒருவனிடம் சொன்னதுதான் வேலை செய்தது. பொல்லுகளைக் கடைக்குப் பின்னால் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

இன்னொரு ஆலோசனையும் வந்தது, அது இதைவிட மோசம். எல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "துவக்கு காட்டி வெருட்டினான் எண்டு ஒரு வசனம் சேத்துவிடு. உடன தூக்குவாங்க, பிணையும் வராது" என்றார். எங்கள் பக்கத்து வாடிகளில், அதாவது வயல் காவல் கொட்டில்களில், பன்றிக்கும் யானைக்கும் என்று இடியன் என்ற நாட்டுத் துவக்கு இருப்பது ஊரறிந்த இரகசியம் என்பதால் அந்தப் பொய் எடுபடவும் கூடும். அங்கேதான் ஆபத்தே. துவக்கு என்று வந்தால் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வரும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், யாருக்கும் காட்டியிருக்கத் தேவையில்லை. அனுமதி உள்ளவர்களும் வருடா வருடம் டிசம்பர் 31க்குள் புதுப்பித்தாக வேண்டும். பொலிஸ் வாடி வாடியாகத் தேடத் தொடங்கினால் மச்சானுடைய வாடியோடு நிற்குமா? பெரியவருடைய வாடிக்கும் வரும்! அதைவிட, ஒருவரை மாட்டிவிடப் பொலிசுக்குப் பொய்த்தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஏற்கெனவே ஒரு பொய்யோடு நாங்கள் பட்டது போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் திங்கள்வரை கூண்டுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படி இல்லை. லீவு நாளிலும் அந்த 24 மணித்தியாலம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீதவானுக்குப் பதிலாகக் கடமை பார்க்கும் பதில் நீதவானின் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முன் சட்டமருத்துவப் பரிசோதனைப் படிவத்தோடு தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கைதான ஆளுக்கும் அந்தப் படிவம் உண்டு. அவனுடைய காயமும் அதில் ஏறும்.

அங்கே இருந்த வைத்தியர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எப்படி விழுந்தீங்க?" என்றார். பழைய துண்டு அவர் கையில் இருந்தது. தம்பி தயங்கினான். முன்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தில் குறுக்கே விழுந்த வெட்டு அது. முகத்துக்கு வருவதைத் தடுக்கக் கையை உயர்த்துகிறவனுக்கு அந்த இடத்தில்தான் விழும் என்று அவரே சொன்னார். தம்பியின் பொய்யைக் காயமே மறுத்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் மெல்லிய ஒரு வெட்டு. முதல்நாள் இரவு மேலால் தைத்தபோது அது தெரியவில்லை.

அந்த மெல்லிய கோட்டில்தான் எல்லாம் மாறியது. தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு எதையெல்லாம் கடுங்காயம் என்று சொல்கிறது என்று சட்டத்தரணி விளக்கினார். கண் அல்லது காது நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாக விகாரமாவது, உயிருக்கு ஆபத்தான காயம், 20 நாள் வழமையான வேலை செய்ய ஏலாமல் கிடப்பது எல்லாம் அதில் வரும். எலும்போ பல்லோ வெட்டுப்பட்டால் அல்லது முறிந்தால் அதுவும் வரும். இரத்தம் எவ்வளவு போனது, எத்தனை தையல் என்பதெல்லாம் கணக்கே இல்லை. ஆயுதத்தால் சாதாரண காயம் என்றால் 315ஆம் பிரிவு, கூடியது 3 வருடம். ஆயுதத்தால் கடுங்காயம் என்றால் 317, 10 வருடம் வரை போகலாம். மச்சானின் தோளில் இருந்தது கன்றிய காயம், எலும்புக்கு ஒன்றுமில்லை.

பதில் நீதவான் வீட்டு விறாந்தையில் மாலை ஐந்து மணிக்குத் தம்பியை இரண்டு சரீரப் பிணையில், அதாவது இரண்டு பேர் பொறுப்பு நிற்க, விட்டார்கள். 1997இன் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதையே பொதுவிதியாக வைத்திருக்கிறது. மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும், சாட்சிகளை வெருட்டுவார், தலைமறைவாவார் என்று. பிணை நிற்பவர்களுக்குக் கிராம சேவகரின் அத்தாட்சி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கிராம சேவகரைத் தேடி நான் சைக்கிளில் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கண்டுபிடித்தேன். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து எழுதித் தந்தார், மனிதர் நன்றாக இருக்கட்டும்.

எக்ஸ்ரே முடிவு பொலிசுக்குப் போன பிறகு, திங்கட்கிழமை வார்டில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போக விட்ட மச்சானை ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே கைது செய்தார்கள். 14 நாள் விளக்கமறியல். செய்தி வந்தபோது ஊரில் சிலர் வெடி கொளுத்தலாமா என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோசம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மச்சானின் மனைவி கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து, முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அழுதார். அம்மாவும் அழுதார். சின்ன அடிபிடிகளை மத்தியஸ்த சபைக்கு அனுப்பி முடிப்பார்கள், எலும்பு வெட்டுப்பட்ட வழக்கை நாங்கள் நினைத்தபடி சுருட்டி எடுக்க முடியாது என்பதை மச்சானின் மனைவிக்கு எப்படிச் சொல்வது? கைது என்பது தண்டனை இல்லை, தீர்ப்புக்கு இன்னும் வருடங்கள் ஆகலாம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். உள்ளே இருக்கும் புருசனுக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன் என்று அவர் முகம் கேட்டது.

கத்தியை மச்சான் வாய்க்காலில் எறிந்திருந்தார். அவர் சொன்ன இடத்தில் பொலிஸ் தேடி எடுத்தது. தம்பியின் சேட் மட்டும் இல்லை, அம்மாவின் சவுக்காரம் அதை வெளுத்துவிட்டது. இனி யாருக்காவது இப்படி நடந்தால், உடுப்பைக் கழுவாமல் காயவைத்துக் கடதாசிப் பையில் போட்டுப் பொலிசிடம் கொடுக்கச் சொல்கிறேன். ஷொப்பிங் பையில் ஈரத்தோடு கட்டிவைத்தால் பழுதாகிவிடும். காயத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் நேரமும் பதிவாகும்.

இரண்டு வழக்கும் இன்னும் நடக்கின்றன. ஒன்றில் தம்பி குற்றம் சாட்டப்பட்ட எதிரி, மற்றதில் சாட்சி. தவணைக்கு இரண்டு பேரும் சில நாளில் ஒரே பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள், பேச்சு இல்லை. பழைய ஆஸ்பத்திரித் துண்டை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் எடுத்து வாசிக்கிறார். தம்பியின் சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை.

போன சிறுபோகத்தில் வட்டவிதானை ஒரு சீஆர் கொப்பியோடு வந்தார். யாருக்கு எந்த இரவு, எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணிவரை தண்ணீர் என்று கோடு போட்டு எழுதியிருந்தார். மச்சானிடம் கையெழுத்து வாங்கிவிட்டு எங்கள் வரம்புக்கு வந்தார். தம்பி பேனையை வாங்கி, முதல் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.